ஜோர்க்ல மாட்டிக்கிட்டோம், வேற எழுத்து விளையாட்டும் சொல்லுங்க

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சிமாரே, உதவி வேணும். அக்கா மக ஒன்பதாப்பு படிக்கா. லீவுக்கு வந்தவளுக்கு என் பழைய லேப்டாப்புல 'ஜோர்க்' முதல் பாகம் போட்டுக் குடுத்தேன். படமே கிடையாது, இங்கிலீஷ்ல கட்டளை தட்டினா கதை நகரும். கம்பளத்தை விலக்கி, விளக்கோட நிலவறைக்குள்ள இறங்குற வரைக்கும் குதிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் சுத்துவழியில மாட்டினோம். மேற்க போயிட்டு கிழக்க திரும்புனா பழைய இடம் வரல. எல்லா அறையும் ஒண்ணுபோல இருக்கு. ரெண்டு நாளாச்சு, விளக்கும் மங்குது, பிள்ளை முகம் வாடிப்போச்சு. வெளிய வர வழி என்ன? இவளுக்கு வேற எதைக் குடுக்கலாம்?

பாளையங்கோட்டை:
தப்பு உங்க மேல இல்லம்மா, அங்க திசையே அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு காரையாறு போனா நம்ம குடில் தெரியணும்னு மரத்துல துணி கட்டுவோம்லா, அதே சோலிதான். அறைக்கு ஒரு சாமானைக் கீழ போட்டு, தாள்ல வட்டம் வரைஞ்சு, எந்தத் திசை எங்க விடுதுன்னு கோடு இழுங்க. விளக்கை மட்டும் போட்டுறாதீங்க. திருடன் ஒருத்தன் சுத்துவான், போட்டதைத் தூக்கிருவான். அதனால தாளைத்தான் நம்பணும். எலும்புக்கூடு கிடக்குற அறையில சாவி இருக்கும். அந்தச் சாவிக்குத் திறக்குற கம்பிக்கதவு வழியா நேரா காட்டுக்கு ஏறிரலாம். அடிக்கடி 'சேவ்' தட்டுங்க.

அடுத்து 'லாஸ்ட் பிக்' குடுங்க. 2007ல எழுத்து விளையாட்டுகளுக்கு நடந்த போட்டியில ஜெயிச்சது. தொலைஞ்ச பன்னியைத் தேடுறதுதான் கதை. கோட்டித்தனமா எதைத் தட்டினாலும் அதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பாங்க.

தென்காசி:
நல்ல விளையாட்டுதான் அண்ணாச்சி. ஆனா கதை சொல்லுத பூதம் பேசுறது முழுக்க உடைஞ்ச இங்கிலீஷ். ஒன்பதாப்பு பிள்ளைக்கு அது ரெண்டாவதா இருக்கட்டும். முதல்ல 'ட்ரீம்ஹோல்ட்', 2004ல ஆண்ட்ரூ பிளாட்கின் எழுதுனது. புதுசா ஆடுறவங்களுக்காகவே செஞ்சது, கூடவே ஒரு குரல் வழி சொல்லிக் குடுக்கும். தப்பாப் போனா 'அண்டூ' தட்டிப் பின்வாங்கலாம். ஜோர்க் 1980ல வந்தது, அதுல அந்த வசதி கிடையாது. புதிரே வேண்டாம், கதை போதும்னா 'ஃபோட்டோபியா'. ஒரே உக்காருதல்ல முடிஞ்சிரும், ஆனா மனசு கனத்துப் போகும், நீங்களும் பக்கத்துல இருங்க. மூணும் இலவசம்.

அம்பாசமுத்திரம்:
சாவி கிடைச்சுட்டு! காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவளே படம் வரைஞ்சா. ஆனா ட்ரீம்ஹோல்ட் ஃபைலைத் தொட்டா எதுல திறக்கன்னு கேக்குதே?

தென்காசி:
ஃபைல் பேரு இசட்8னு முடியுதுல்லா? அது கதை மட்டும்தான், தானா ஓடாது. இந்த மாதிரி கதை ஃபைலை ஓட்டுற 'ஃப்ராட்ஸ்'ங்கிற மென்பொருளை இறக்கி, அதுக்குள்ள போய்த் திறங்க. பழைய லேப்டாப்பே தாங்கும்.

அம்பாசமுத்திரம்:
திறந்துட்டு அண்ணாச்சி. புதுத் தாள் கேக்கா.