மறு: மறு: ‘லாஸ்ட் மீடியா’வுக்குத் தமிழ் – ஸ்கூபி-டூ பேய்ப்பகடியை வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘லாஸ்ட் மீடியா’, அதாவது ஒரு காலத்தில் வெளியாகி இப்போது கிடைக்காமல் போன படம், நிகழ்ச்சி போன்றவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது.

> ‘தொலைந்த ஊடகம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியுமா, அக்கா? ஊடகம் என்றதும் எனக்குப் பத்திரிகையும் டிவி சானலும்தான் நினைவுக்கு வருகின்றன. காணாமல் போனது ஒரு நிகழ்ச்சி. ஊடகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘தொலைந்த’ என்பதில். இந்த இழை கிளம்பியதே, பேய் மர்மங்களைத் துப்பறியும் ஸ்கூபி-டூ கார்ட்டூன் கும்பலை வைத்து ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ என்ற பேய்ப்படத்தைக் கேலி செய்த ‘தி ஸ்கூபி-டூ ப்ராஜெக்ட்’டை வைத்து. அது தொலையவே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ 1999 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. மேரிலாந்துக் காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் திரும்பி வரவில்லை, அவர்கள் எடுத்த பதிவு மட்டும் கிடைத்தது என்று சொல்லி ஆரம்பிக்கும் படம். கடைசிவரை சூனியக்காரியைக் காட்டமாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, கார்ட்டூன் நெட்வொர்க் பழைய ஸ்கூபி-டூ தொடரை வரிசையாக ஓட்டியபோது இடையிடையே இந்தப் பகடியைத் துண்டு துண்டாகப் போட்டது. நிஜக் காடு, கையில் பிடித்து ஆட்டிய கேமரா, அதற்குள் ஃப்ரெட், டாப்னி, வெல்மா, ஷாகி, நாய் எல்லாரும் வழக்கமான தட்டை வண்ணத்தில். அந்தக் காலத்துப் பார்வையாளர் திகைத்துப் போயிருப்பார்கள்.

இதன் ரசிகர்கள் இன்னமும் விடாமல் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1969இல் தொடங்கிய ஸ்கூபி-டூவின் அடிப்படை என்ன? பேய் என்று ஒன்றுமில்லை. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே யாரோ ஒரு பேராசைக்காரர் இருப்பார். பிளேர் விட்ச் இதற்கு நேரெதிர்: கழற்ற அங்கே முகமே கிடையாது. முகமூடியைக் கழற்றியே பழகிய கும்பலைக் கொண்டுபோய் அந்தக் காட்டில் விட்டதுதான் இந்தப் பகடியின் மூளை. சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு சிலிர்ப்பும் வருகிறது. இதைச் செய்தவர்களில் ஒருவரான காஸ்பர் கெல்லி பிற்பாடு 2014இல் ‘டூ மெனி குக்ஸ்’ என்ற விபரீத நகைச்சுவையைச் செய்தவர் என்பது தெரிந்தால் ஆச்சரியம் குறையும். டாப்னிக்குக் குரல் கொடுத்த மேரி கே பெர்க்மன் ஒளிபரப்பாகி இரண்டு வாரம்கூட ஆகுமுன் இறந்துபோனார். ரசிகர்கள் இதைக் கொஞ்சம் பொத்திப் பொத்தி வைத்துப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இது முறையாக டிவிடியில் வந்ததில்லை. நிகழ்ச்சியாக அல்லாமல் இடைவேளை விளம்பரம் மாதிரிப் பிறந்ததால், எந்தப் பட்டியலிலும் சேராமல் போயிருக்கும் என்பது என் ஊகம். இன்று நாம் பார்ப்பது அன்றிரவு யாரோ வீட்டு விசிஆரில் பதிந்து வைத்தது. ஓரத்தில் சானல் முத்திரை, அடியில் டேப் தேய்ந்த வெள்ளைக் கோடுகள், நிறம் ஒழுகி டாப்னியின் ஊதாச் சட்டை பக்கத்து மரத்தில் படிந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: மட்டமான வீடியோவைக் கேலி செய்யும் படம் மட்டமான வீடியோவாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. நாளைக்கே பளிச்சென்று ஒரு பிரதி வந்தால் நான் பழையதைத்தான் பார்ப்பேன்.

ஆகவே இரண்டு சொல் தேவை. ஒன்று, உண்மையிலேயே இல்லாமல் போனதற்கு. 1927இல் வந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்ற பேசாத பேய்ப்படம் அப்படி. கடைசிப் பிரதி எம்ஜிஎம் படக்கம்பெனியின் கிடங்குத் தீயில் போனது. இதற்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். நூல்களுக்கு ‘இறந்துபட்டது’ என்று நம் உரைக்காரர்களும் பதிப்பாசிரியர்களும் சொல்லிவந்ததே போதும்: இறந்துபட்ட படம், இறந்துபட்ட நிகழ்ச்சி.

இரண்டாவது, ஸ்கூபி வகைக்கு. பிரதி உண்டு, முறையான வெளியீடு இல்லை. ‘அரும்பதிவு’ என்பது என் பரிந்துரை. அரும்பொருள், அருஞ்சொல் போல.

‘காணாவொளி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். காணொளியைத் திருப்பிப் போட்ட சாமர்த்தியம் பிடித்திருக்கிறது. ஆனால் சிலேடைச் சொல் இரண்டாம் தடவை கேட்கும்போதே சலித்துவிடும்.

அன்புடன்,
இரா.

———

இரா. அண்ணா,

‘இறந்துபட்ட’வுக்கு என் கை தூக்கியாயிற்று. ‘அரும்பதிவு’தான் உறுத்துகிறது. இசைத்தட்டுச் சேகரிப்பவர்கள் ‘அரிய பதிவு’ என்று சொல்வது வேறு; அது முறையாக விற்பனைக்கு வந்து பிறகு அருகிப்போனது. ஸ்கூபி விஷயத்தில் அருமை ஒரு விளைவுதான், காரணம் அது வெளியீடு காணாதது. பதிப்புலகில் ‘அச்சேறாத சுவடி’ என்பார்கள். சுவடி இருக்கிறது, நாலு பேர் படித்திருக்கிறார்கள், அச்சுக்குத்தான் வரவில்லை. அந்த வழியில் ‘வட்டேறாத’ என்று போடலாமா? குறுவட்டு, இறுவட்டு எல்லாம் நமக்குப் பழகியவைதானே.

இன்னொன்று: பிபிசி 1960களில் எடுத்த ‘டாக்டர் ஹூ’ என்ற டிவி தொடரின் பாகங்கள் பலவற்றின் டேப்பை அழித்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்ததால் அத்தனைக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இது உங்கள் இரண்டு பெட்டியில் எதற்குள்?

நலம் விரும்பும்,
க.

———

அக்கா,

வட்டு போய் ஓடிடி வந்துவிட்டது. ஐந்து வருடத்தில் ‘வட்டேறாத’ என்றால் வாயில் ஏறாது. ஆனால் உங்கள் தர்க்கம் சரி. ‘வெளியீடு காணாத’ என்பதையே விளக்கமாக வைத்து, தலைச்சொல்லாக அரும்பதிவை வைப்போம். டாக்டர் ஹூவுக்கு மூன்றாவது பெட்டி வேண்டாம். ‘படம் இறந்துபட்டது, ஒலி உளது’ என்று அகராதியில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இரா.

———

அண்ணா, அக்கா இருவருக்கும்,

இங்கே டொரொண்டோவில் என் மகனும் கூட்டாளிகளும் ‘லாஸ்ட் மீடியா’ என்றுதான் கதைக்கினம். எங்கட சொல் அவங்கட வாயில் வர வேண்டுமென்றால் மூன்று அசைக்குமேல் போகக்கூடாது. அரும்பதிவு தப்பிவிடும்.

நான் கேட்க வந்தது வேற. 2001இல் இதே சானல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டூ’ என்று இன்னொரு ஸ்கூபிப் பகடியையும் ஹாலோவீனுக்கு இதேபோல் இடையிடையே போட்டது. அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் சொல்வது ‘பம்பர்’. நீங்கள் யாரும் அதைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் பம்பர் என்றால் லொத்தர்ப் பரிசு, இல்லாவிட்டால் காரின் முன்பக்கம். ‘இடைத்துணுக்கு’ சரிவருமோ?

சி.

———

இடைத்துணுக்கு சரி. இந்த வாரப் பட்டியலில் மூன்றையும் சேர்க்கிறேன். பிளேர் விட்ச் மாதிரி, யாரோ எடுத்துக் கிடைத்த பதிவு என்று சொல்லிக்கொள்ளும் படவகையான ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ மட்டும் நிற்கிறது. ‘கண்டெடுத்த பதிவு’ என்று போட்டால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

இரா.