கிழக்குத் தெரு ஆர்மி ஓட்டக் குழு

ரமேஷ்: இன்னைக்கு 1.6 கி.மீ. டைம்: கார்த்தி 5:24, விக்கி 5:43, சூர்யா 6:18. அக்னிவீர் ஆள்சேர்ப்பு ரேலியில 5:30-க்குள்ள வந்தாதான் முழு 60 மார்க். 400 மீட்டர் டிராக்ல சுத்துக்கு 82 செகண்ட்.

சுந்தரம் மாமா: மார்க்கு ஒரு பக்கம் இருக்கட்டும் ரமேஷ். ஆர்மி ட்ரெயினிங் சென்டருக்குப் போன பிறகு யாரு கால் தாங்கும்னு முன்கூட்டியே காட்டுறதும் இந்த டைம்தான். எல்லா ரெக்ரூட்டுக்கும் ஒரே டிரில், ஒரே ஓட்டம், முதுகுல ஒரே பிட்டு (பாரம் ஏத்தின பை). 5:24 பையனுக்கு அது பாதி பலத்துல நடக்கிற வேலை. 6:18 பையன் தினமும் உச்சத்துல நிக்கணும்.

மீனா அக்கா (பிசியோ): அதேதான் மாமா. தசை அசந்துட்டா அதிர்ச்சியை வாங்காது, நேரா எலும்பு வாங்கும். ஆஸ்திரேலியாவுல கப்பூக்கா ராணுவ முகாம்ல 1538 ஆண் ரெக்ரூட்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2000-ல வெளியாச்சு. பீப் டெஸ்ட்ல கடைசியில இருந்தவங்களுக்குக் கால்ல அடிபடுற வாய்ப்பு, முதல்ல இருந்தவங்களை விட 14 மடங்கு.

விக்கி: பீப் டெஸ்ட்னா?

மீனா அக்கா: 20 மீட்டர் இடைவெளியில ரெண்டு கோடு. பீப் சத்தத்துக்குள்ள எதிர்க் கோட்டைத் தொடணும். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்துல ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு அரை கி.மீ. ஏறும். நம்மகிட்ட 1.6 ஓட்டம் இருக்கு, அதுவே போதும்.

விக்கி: நான் புல்-அப்ஸ் 10 அடிக்கிறேன் அக்கா. அது கணக்குல வராதா?

மீனா அக்கா: 40 மார்க் வரும்டா. ஆனா கால் காயத்தை முன்கூட்டி காட்டுறதுல ஓட்ட டைமுக்குக் கிட்ட நிக்காது.

லதா சித்தி: ஓடுறதுக்கு முன்னாடி நல்லா ஸ்ட்ரெச் பண்ணா காப்பாத்தாதா மீனா?

மீனா அக்கா: அதே கப்பூக்கா ஆய்வே அதைப் பார்க்கத்தான் சித்தி. பாதிப் பேருக்குக் காலோட ஆறு தசைக்கும் 20 செகண்ட் ஸ்ட்ரெச் குடுத்தாங்க. காயம் குறையல. பாத வளைவைப் பார்த்து ஷூ குடுக்கிறதை அமெரிக்காவுல ஆர்மி, ஏர்ஃபோர்ஸ், மரைன் மூணுலயும் சோதிச்சாங்க, அதுவும் உதவல. ஷூக்கடைக்காரர் சொல்றாருன்னு எட்டாயிரம் குடுத்துராதீங்க.

கார்த்தி: ஜிம்ல எஃப்எம்எஸ்னு ஏழு அசைவு செய்ய வச்சு 21-க்கு 13 போட்டாங்க. 14-க்குக் கீழன்னா கட்டாயம் அடிபடும்னாங்க அக்கா.

மீனா அக்கா: "கட்டாயம்"ங்கிற வார்த்தைதான் தப்பு கார்த்தி. மரைன் அதிகாரிப் பயிற்சியில பார்த்தப்போ குறைஞ்ச ஸ்கோர்க்காரங்களுக்குக் காயம் கூடத்தான் இருந்துச்சு. ஆனா அடிபட்டவங்கள்ல நிறைய பேர் 14-க்கு மேல எடுத்தவங்க. ஓட்ட டைமும் அப்படித்தான். நூறு பேர்ல எந்தக் கூட்டத்துல காயம் கூடும்னு சொல்லும், இந்தப் பையனுக்குத்தான் வரும்னு சொல்லாது. அதை வச்சு யாரையும் ஒதுக்காதீங்க, முன்கூட்டியே தயார் பண்ணுங்க.

சுந்தரம் மாமா: கேளு சூர்யா. சென்டர்ல கால் போனா எம்.ஐ. ரூம் (அங்க இருக்கிற மருத்துவ அறை), அப்புறம் ரெலிகேட் ஆகி ஜூனியர் பேட்ச். அந்த வருத்தம் பெருசு. இப்போ நேரம் இருக்கு.

மீனா அக்கா: சூர்யா, வாரம் மூணு நாள் மட்டும் ஓடு, நடுவுல ஒரு நாள் விட்டு. திடீர்னு பாரம் ஏத்தினா எலும்பு முதல்ல பழசைக் கரைச்சுட்டுத்தான் புதுசைக் கட்டும். அதனால மூணாவது, நாலாவது வாரத்துலதான் அது பலவீனமா நிக்கும். அந்த வாரம் தூரத்தைக் கூட்டாத, முடிஞ்சா குறை. ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்கு, 15 தடவை, மூணு சுத்து.

சுந்தரம் மாமா: பூட்ஸை சென்டர்ல போய்த்தான் முதல்ல மாட்டணும்னு இல்ல. 20 நிமிஷ நடையில ஆரம்பி. பூட்ஸ்ல ஓடாத.

சூர்யா: மாமா, முழங்காலுக்குக் கீழ உள்பக்கம் ரெண்டு வாரமா வலிக்குது.

மீனா அக்கா: இதை முதல்லயே சொல்லக் கூடாதாடா? கட்டைவிரலால எலும்பு ஓரத்தை மேல இருந்து கீழ வரை அழுத்திப் பாரு. நீளமா வலிக்குதா, ஒரே புள்ளியிலயா? அப்புறம் அந்தக் கால்ல மட்டும் குதி.

சூர்யா: ஒரு சாண் நீளத்துக்கு வலிக்குது. குதிச்சா வலி இல்ல.

மீனா அக்கா: ஷின் ஸ்ப்ளின்ட் (முன்னங்கால் எலும்பு ஓரத்துல வர்ற வலி) மாதிரி இருக்கு. ரெண்டு வாரம் ஓட்டம் வேண்டாம், சைக்கிள் மிதி. ஒரே புள்ளியில குத்தினாலோ ராத்திரியில வலிச்சாலோ ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா (எலும்புல மெல்லிய விரிசல்) இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாம போகும், எம்ஆர்ஐல தெரியும். "எக்ஸ்ரே நார்மல், ஓடு"ன்னு யாரு சொன்னாலும் ஓடாத. தொடை இடுக்குல வலின்னா அன்னைக்கே டாக்டர், நொண்டிக்கிட்டுக்கூட நடக்கக் கூடாது. இடுப்பு மூட்டுக்கிட்ட தொடை எலும்புல விரிசலா இருக்கலாம்.

லதா சித்தி: நம்ம திவ்யாவும் ஆர்மியில பெண்கள் மிலிட்டரி போலீஸுக்கு ஓடுறாளே, அவளுக்கு?

மீனா அக்கா: அதே சோதனைதான் சித்தி. கூடவே மாதவிடாய் தள்ளிப் போகுதான்னு கேளுங்க. சாப்பாடு குறைஞ்சு ஓட்டம் கூடினா அது நின்னுரும், எலும்பும் மெலியும். சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்புங்க, தனியா பேசிக்கிறேன்.

ரமேஷ்: சனிக்கிழமை ஓட்டத்துல இருந்து சூர்யா பேரை எடுத்துட்டேன். மத்தவங்க 5:45 மணிக்கு டிராக்குக்கு வந்துருங்க.