இரண்டு டாலர் வெள்ளியும் ஆமைக் காசும்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு நாங்கள் குடிவந்த மறு ஆண்டு, 2012-இல், மகனின் பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளி நாணயம் வாங்கினேன். தலைப் பக்கத்தில் இரண்டாம் எலிசபெத் அரசி. பூப் பக்கத்தில், பூ இருக்க வேண்டிய இடத்தில், 'ஸ்டார் வார்ஸ்' படத்து டார்த் வேடர் வண்ணத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. பொறித்திருந்த முகமதிப்பு இரண்டு டாலர். நாட்டின் பெயர் நியூவே, பசிபிக் பெருங்கடலில் ஒரு சிறு தீவு. முகமதிப்பைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு கொடுத்தேன். இரண்டு ரூபாய்க் காசை நூறு ரூபாய்க்கு வாங்கி வந்த கெட்டிக்காரர் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவதுண்டு.

சில மாதங்கள் கழித்து, என்னுடன் பணியாற்றிய நியூவேக்காரர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். தன் நாட்டின் பெயரைப் படித்துவிட்டு அவர் நெடுநேரம் சிரித்தார். அவர் பிறந்து வளர்ந்தது தலைநகர் அலோஃபியில். அங்கே கடைகளில் புழங்குவது நியூசிலாந்துப் பணம்தான் என்றும், இப்படியொரு காசைத் தம் ஊரில் யார் கையிலும் கண்டதில்லை என்றும் சொன்னார். 1974 முதல் நியூசிலாந்தின் துணையோடு தன்னாட்சி நடத்தும் அந்தப் பவளத்தீவில் 2,000 பேர் கூட இல்லை. ஆக்லாந்தில் வாழும் நியூவே மக்கள் அதைப் போலப் பல மடங்கு. என் நாணயமும் இதே ஆக்லாந்தில், ஒரு தனியார் நாணயச்சாலையின் தயாரிப்பாக விற்பனைக்கு வந்ததுதான். நியூவே அரசு கொடுப்பது பெயரும் அனுமதியும். அதற்கு ஈடாக விற்பனையில் ஒரு பங்கு உரிமத்தொகையாக அதற்குச் சேர்கிறது. வெள்ளியின் விலையே முகமதிப்பைவிடப் பல மடங்கு என்பதால், சட்டப்படி செல்லுபடியாகும் இந்தக் காசை யாரும் கடையில் நீட்டப்போவதில்லை, அரசுக்கும் நட்டமில்லை. வரி வருவாய் குறைந்த ஒரு தீவு தன் பெயரை வாடகைக்கு விட்டுப் பிழைப்பதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. சேகரிப்பாளர்கள்தான் தாம் வாங்குவது இன்னதென்று தெரிந்து வாங்க வேண்டும்.

எனக்கு அது 2019-இல்தான் தெரிந்தது. பணமுடை ஒன்றுக்காக நாணயத்தை விற்கப் போனபோது, வணிகர் பெட்டியையும் சான்றிதழையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நாணயத்தைத் தராசில் போட்டார். சொன்ன விலை அன்றைய வெள்ளி விலைக்குச் சற்றுக் குறைவு. ஒரே தொடரில் எத்தனை வடிவங்கள் வந்துவிட்டன, இதில் அரிதென்று எதைச் சொல்வது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்காமல் திரும்பினேன்.

அன்று அதே கடையில், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, ஒரு பழைய தட்டில் கலந்து கிடந்த காசுகளில் இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவின் 1976-ஆம் ஆண்டு வரிசை கண்ணில் பட்டது. ஒரு செண்டில் சங்கு, இரண்டு செண்டில் திருக்கை, ஐந்தில் சுறா, பத்தில் நண்டு, இருபதில் பறவைமீன், ஐம்பதில் சாக்குக்கணவாய் (ஆக்டோபஸ்), ஒரு டாலரில் கடலாமை. ஆஸ்திரேலியப் பணத்தோடு சேர்ந்து அந்தத் தீவுகளில் உண்மையாகவே புழங்கிய காசுகள் இவை. ஆமையின் ஓட்டில் தேய்மானம் தெரிந்தது. நண்டின் மேல் யாரோ கீறியிருந்தார்கள். விற்கப் போன வெள்ளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை, ஏழு காசுகளையும் வாங்கிவிட்டேன்.

அதன் பிறகு குக் தீவுகளின் முக்கோண வடிவ இரண்டு டாலரும் ஒன்று கிடைத்தது. விடுமுறைக்கு அந்தத் தீவுகளில் ஒன்றான ராரோதோங்கா போய் வந்த நண்பர், அங்கே கடையில் மீதிச் சில்லறையாக வாங்கியதை இங்கே செலவிட முடியாமல் என்னிடம் கொடுத்தார். அதை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று முனைகளில் ஒன்று தையலைப் பிரித்துவிட்டது. இப்போது அது ஆமைக் காசோடு ஒரே டப்பாவில் கிடக்கிறது. டார்த் வேடர் மட்டும் இன்னும் தன் பெட்டியிலேயே இருக்கிறார்.