வோல்டமோர்ட் துடைப்பம் இல்லாமல் பறந்தது எப்படி?

ஹாரி பாட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் உதவுங்கள். நண்பர்களோடு ஆடும் கதை விளையாட்டுக்கு மந்திர விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பறக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

2001-ல் வந்த துணைநூலான 'குவிடிட்ச் த்ரூ தி ஏஜஸ்', மனித உருவில் துணையில்லாமல் பறக்க இதுவரை மந்திரமே இல்லை என்கிறது. வௌவாலாக உருமாறினால் பறக்கலாம். ஆனால் மூளையும் வௌவால் மூளையாகி, எங்கே கிளம்பினோம் என்பதே மறந்துபோகுமாம். நியாயமான சிக்கல்தான்!

ஆனால் 2007-ல் வந்த ஏழாவது புத்தகத்தின் 4ஆம் அத்தியாயத்தில் வில்லன் வோல்டமோர்ட் துடைப்பமோ தெஸ்ட்ராலோ (இறக்கையுள்ள குதிரை) இல்லாமல் காற்றில் புகைபோல வருகிறான். 30ஆம் அத்தியாயத்தில் ஸ்னேப் ஜன்னலை உடைத்துக்கொண்டு பறந்தே தப்பிக்கிறார். எஜமான் வோல்டமோர்ட்டிடம் கற்ற வித்தை என்று ஆசிரியை மெக்கோனகல் சொல்வதோடு சரி, விளக்கம் இல்லை.

இந்த அத்தியாயங்களைத் திரும்பப் படித்துவிட்டேன். பொருட்களை மிதக்கவைக்கும் விங்கார்டியம் லெவியோசா மந்திரத்தைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு பறந்தவர் யாரும் கண்ணில் படவில்லை. லெவிகார்ப்பஸ் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும், அவ்வளவுதான். "அது கறுப்பு மந்திரம்" என்கிறான் ஒரு நண்பன். அப்படியானால் 33ஆம் அத்தியாயத்தில் சிறுமி லில்லி (பின்னாளில் ஹாரியின் அம்மா) ஊஞ்சலை விட்டுவிட்டுக் காற்றில் மிதந்து இறங்குகிறாளே, அது என்ன கணக்கு? படங்களில் வரும் கரும்புகையைச் சேர்க்க வேண்டாம், புத்தகம் மட்டும் போதும்.

வோல்டமோர்ட் பறக்கும் முறையை விளக்கும் வரி ஏழு புத்தகங்களில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அத்தியாயத்தோடு சொல்லுங்கள்.