கையில் எடுத்துப் பார்த்த பிறகே ஏலம்

ஸ்டாக்ஹோமில் ஏலத்துக்கு முந்தைய நாள்களில் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். கேட்டால் அலமாரியைத் திறந்து கையிலும் தருவார்கள். ஏல நாளைவிட எனக்கு அந்த நாள்கள்தான் பெரிது.

ஸ்வீடனின் ஓரெஃபோர்ஸ் கண்ணாடி ஆலையின் ஏரியல் வகை ஜாடி ஒன்றை அப்படித்தான் முதலில் தொட்டேன். ஏலப் பட்டியலின் படத்தில் அது நீலக் கண்ணாடிமேல் ஏதோ வரைந்ததுபோல இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்ததும் உள்ளே இருந்த உருவங்கள் வெள்ளியாக மின்னி, திருப்பத் திருப்ப மறைந்து மறைந்து வந்தன. அவ்வளவும் காற்று! வண்ணக் கண்ணாடியில் மணலைப் பீய்ச்சிப் பள்ளம் குடைந்து, மறுபடி சூடேற்றி, மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்துவார்கள். பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். 1930களின் பிற்பகுதியில் அங்கே உருவான முறை இது. அடியில் ஆலையின் பெயர், ஏரியல் என்ற சொல், எண், வடிவமைத்த எட்வின் ஓர்ஸ்ட்ரோமின் பெயர் எல்லாம் பொறிக்கப்பட்டிருந்தன. வாயோரத்தில் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தேன். விளிம்பு உடைந்ததைத் தேய்த்துச் சமன்செய்திருந்தால் அந்த இடம் தட்டையாக, சற்றே கூராகத் தட்டுப்படும். இதில் அப்படி எதுவும் இல்லை.

ஏலத்தில் அது என் வரம்பைச் சீக்கிரமே தாண்டிப் போனது. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷனும் உண்டு என்பதால், அதையும் சேர்த்துத்தான் வரம்பு வகுப்பேன், அதை மீறுவதில்லை.

அன்று வாங்கியது ஸ்வென்ஸ்க்ட் டென் நிறுவனத்தின் மூடியிட்ட சிறு பியூட்டர் டப்பா. எஸ்ட்ரிட் எரிக்சன் 1924இல் தொடங்கிய நிறுவனம் அது. அடியில் D8 என்ற முத்திரை: செய்த ஆண்டை எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் ஸ்வீடனின் முறைப்படி 1930. பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம், நம் வீட்டு ரச ஈயச்சொம்பின் உலோகம்தான். அதனால் எளிதில் நசுங்கும். உள்பக்கமாக விளக்கடித்துப் பார்த்தால் நிமிர்த்திய நசுங்கல்கள் தெரிந்துவிடும். பளபளவென்று தேய்த்து விற்பவற்றை நான் தொடுவதே இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் சேர்ந்த அந்தச் சாம்பல் நிறமும் மென்மையும் ஒரு மதியத்தில் அழிந்துபோகின்றன, முத்திரையும் மழுங்கிப்போகிறது. பெரிய அநியாயம் அது.

ஓரெஃபோர்ஸின் இன்னொரு கண்ணாடி வகையான கிராலை யாராவது வாங்கியிருந்தால் எழுதுங்கள். ஏரியலுக்கு முன்பே, 1916இல் தொடங்கியது அது. அடுத்து அதைத்தான் தேடுகிறேன்.