புதுப்பிப்பு: கொக்குவில் வீட்டுக்குக் கேட்கப்பட்ட குறைந்த விலை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் 3 பரப்புக் (பரப்பு என்பது அங்குள்ள நில அளவு) காணியோடு உள்ள அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் 240 இலட்சம் ரூபாய் சொல்லியிருக்க, தரகர் ஒருவர் 150 இலட்சத்துக்கு ஆள் கொண்டு வந்ததையும், உடனே மறுத்துவிடலாமா என்று நான் கேட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். மறுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள் என்று பலர் சொன்னீர்கள். அவ்வாறே வாங்குபவரை நேரில் அழைத்தோம்.

அவர் விறாந்தையில் நின்று, கறையான் அரித்த கூரை வளையொன்றை (மரச் சட்டத்தை) விரலால் அழுத்தி உதிர்த்துக் காட்டினார். ஆனால் அவரை உண்மையில் தயங்க வைத்தது, கனடாவிலுள்ள மாமாவுக்குக் காணியில் பிரிபடாத பங்கு இருந்ததுதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டம் கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தருவதால், பின்னர் மாமா உரிமை கோரலாம் என்ற அந்தப் பயம் நியாயமானது; அதை முன்கூட்டியே தீர்க்காதது எங்கள் தவறு. மாமா தம் பங்கையும் விற்பதற்கு அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்பட எங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினார்.

நடுவில் முடிப்போம் என்று தரகர் வற்புறுத்தியதை நான் ஏற்கவில்லை. 195 இலட்சம் என்ற அந்த நடுவிலை, வாங்குபவர் வேண்டுமென்றே தாழ்த்திக் கேட்டதிலிருந்து பிறந்த கணக்கு. அதற்குப் பதிலாக, எங்கள் ஒழுங்கையில் அண்மையில் விலைப்பட்ட இரு காணிகளின் பரப்பு விலையைக் காட்டி, கூரைச் செலவை மட்டும் கழித்து, 228 இலட்சம் என்று எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல இரண்டு வாரத் தவணையும் சொன்னோம். பதின்மூன்றாம் நாள் 222 இலட்சத்துக்கு இணங்கி முற்பணம் தந்தார். அடுத்த மாதம் நொத்தாரிசு முன்னிலையில் காணி உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதுகிறோம்.