மஞ்சள் வெட்டுக்குப் பிறகு அம்மாவின் பாதம் தொங்குகிறது: கோளாறு இடுப்பிலா, முழங்காலிலா?

சிவகிரி விவசாயி மகன்:

அனைவருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் எங்கள் காட்டில் மஞ்சள் வெட்டினோம். வெட்டிய கிழங்கில் மண் தட்டி, விரலியை ஒரு பக்கமும் குண்டை ஒரு பக்கமும் பிரித்துப் போட ஆள் போதவில்லை. 53 வயதான என் அம்மா மூன்று நாட்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை குந்த வைத்தே அந்த வேலையைச் செய்தார். நான்காம் நாள் விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்தவருக்கு வலது காலில் செருப்பு நிற்கவில்லை. நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்குகிறார். பாதம் தரையில் டப்பென்று விழுகிறது. வலி என்று எதுவும் இல்லை, மேல்பாதத்தில் மதமதப்பு மட்டும் இருக்கிறது.

சுளுக்கு என்று எண்ணி இரண்டு நாட்கள் எண்ணெய் போட்டு நீவி விட்டோம். பிறகு பார்த்த மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், இடுப்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. இன்னொரு மருத்துவரோ முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு இங்கேதான் நசுங்கியிருக்கிறது என்கிறார். பாதம் தூக்க முடியாத ஒரே கோளாறு இடுப்பிலிருந்தும் வரலாம், முழங்காலிலிருந்தும் வரலாம் என்றால், இந்த நரம்பு எந்த வழியாகத்தான் போகிறது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோபி இயன்முறையாளர்:

முதலில் அவசரமான ஒன்று. சிறுநீர் கழிப்பதில் சிரமம், மலத்தை அடக்க முடியாமை, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போதல், இரண்டு கால்களிலும் பலக்குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி நரம்பின் வழிக்கு வருகிறேன். காலுக்கு வரும் நரம்புகள் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் வேர் வேராகக் கிளம்பி இரண்டு பின்னல்களாகச் சேர்கின்றன. மேல்பின்னலிலிருந்து வரும் தொடை நரம்பு முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசைகளுக்கும், ஆப்டுரேட்டர் நரம்பு தொடைகளை ஒன்று சேர்க்கும் உள்தொடைத் தசைகளுக்கும் போகின்றன. உங்கள் அம்மாவுக்கு அவற்றில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நாம் பார்க்க வேண்டியது கீழ்ப்பின்னலிலிருந்து கிளம்பும் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பு அதுதான். தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். புட்டத்தின் ஆழத்தில் வெளிப்பட்டு, பின்தொடை வழியாக இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் குழிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. உட்கிளையான டிபியல் நரம்பு கெண்டைக்கால் தசைக்குள் நேராக இறங்கி உள்ளங்கால்வரை போகிறது. எட்டிப் பறிக்க நுனிக்காலில் நிற்க வைப்பது அது. வெளிக்கிளையான பெரோனியல் நரம்பு வெளிப்பக்கமாகத் திரும்பி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது.

உங்கள் காலிலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதற்குக் கீழே விரலை மெதுவாக உருட்டினால் மெல்லிய கயிறு போல ஒன்று நழுவும். சிலருக்குப் பாதம்வரை சுரீரென்று ஓடும். அந்த இடத்தில் நரம்புக்கு மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும், கீழே எலும்பும்தான் இருக்கின்றன. மெத்தையாகத் தசை கிடையாது. மணிக்கணக்கில் குந்த வைத்து உட்காரும்போது, பின்தொடைத் தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவில் நரம்பு சிக்கி நசுங்குகிறது. நிலத்தில் குந்தியபடி பறிப்பவர்களுக்கும் பிடுங்குபவர்களுக்கும் இது வருவதைப் பல நாடுகளிலும் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உடல் இளைத்தவர்களுக்கு அந்தக் கொழுப்பும் குறைந்துவிடுவதால் ஆபத்து அதிகம்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டும் உங்கள் வயலுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வயலைப் பார்ப்பீர்கள். அதுவும் காய்ந்திருந்தால் அடைப்பு மேலே இருக்கிறது. அது நனைந்திருந்தால் அடைப்பு உங்கள் மடையில்தான். காலிலும் அதே வழிதான். பாதத்தை உட்புறமாகத் திருப்பும் முக்கியமான தசைக்கு டிபியல் நரம்பு போகிறது, ஆனால் அந்தத் தசையும் ஐந்தாம் இடுப்பு வேரைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே வேர் நசுங்கியிருந்தால் தூக்குவதோடு உட்புறம் திருப்புவதும் பலவீனமாகும். முழங்காலில் நசுங்கியிருந்தால் உட்புறம் திருப்பும் பலம் அப்படியே இருக்கும். வெளிப்புறம் திருப்புவது இரண்டிலும் குறையும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

சென்னிமலைக்காரன்:

எனக்கும் இதே நரம்பில்தான் அடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது போட்ட மாவுக்கட்டின் மேல்விளிம்பு, அண்ணன் சொன்ன அதே எலும்புக் குமிழுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். முறிந்த கால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கட்டைப் பிரித்தபோது கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. மாவுக்கட்டு போட்ட பிறகு எரிச்சல், மரத்துப்போதல் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்பாதத்தில் மதமதப்பு இருக்கும்வரை செருப்பு வார் உரசிப் புண்ணானாலும் தெரியாது. எனக்குச் சுடுதண்ணீர் பட்டுக் கொப்புளம் வந்ததைச் சாயந்திரம் வீட்டில் பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. அம்மாவின் பாதத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையைச் செருப்புக்குப் பதில் ஷூவுக்குள் போட்டு நடந்தேன். தடுக்கி விழுவது அன்றே நின்றது. கால் தூக்க ஐந்து மாதங்கள் ஆயின.

உடற்கூறியல் ஆசிரியை, கோவை:

இயன்முறையாளர் சொன்ன வாய்க்கால் உவமை எனக்கும் பிடித்திருக்கிறது, மாணவர்களிடம் சொல்லப்போகிறேன். ஆனால் இரண்டு இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. வாய்க்காலில் ஒரு கிளைக்கு ஒரே தலைவாய்தான். நரம்பில் அப்படி இல்லை. நான்காம், ஐந்தாம் இடுப்பு வேர்களும் இடுப்புக்குக் கீழே உள்ள திருவெலும்பின் முதல் மூன்று வேர்களும் பின்னலில் கலந்து, அதன்பிறகே சயாட்டிக் நரம்பாகின்றன. பெரோனியல் பகுதிக்கு அவற்றில் நான்கு வேர்கள் பங்களிக்கின்றன. எனவே ஒரு வேர் நசுங்கினால் பல நரம்புகளின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகும். ஒரு நரம்பு நசுங்கினால் அதன் தசைகள் மட்டும் பெரிதும் பாதிக்கப்படும். அடுத்தது, தண்ணீர் ஒரு திசையில்தான் போகும். நரம்பிலோ கட்டளை கீழே இறங்கும்போதே தொடு உணர்வு மேலே ஏறுகிறது. அதனால் மதமதப்பின் எல்லையும் ஒரு தடயம். மேல்பாதத்திலும் கால் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியிலும் மட்டும் இருந்தால் முழங்காலைச் சந்தேகிக்கலாம். வெளித்தொடைவரை ஏறினால் வேரைச் சந்தேகிக்க வேண்டும்.

உட்புறம் திருப்பும் சோதனையில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. தொங்கும் பாதத்தை அப்படியே விட்டுச் சோதித்தால், நல்ல தசையும் பலவீனமாகத் தோன்றும். ஒரு கையால் பாதத்தைக் கணுக்காலுக்குச் செங்குத்தாகத் தாங்கிப் பிடித்து, அதன்பிறகு உட்புறம் தள்ளச் சொல்ல வேண்டும். அதோடு, ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை இடுப்பிலிருந்து பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். அந்தத் தசைக்கான நரம்பு பின்னலிலேயே பிரிந்துவிடுவதால், முழங்காலில் நசுங்கியவருக்கு அது பலமாகவே இருக்கும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பொறுத்தவரை, அந்த இடத்து டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் ஐந்தாம் வேர்தான் நசுங்கும் என்பது சரியே. ஆனால் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. படத்தில் தெரிவதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. காலைச் சோதித்ததோடு அது பொருந்த வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க, நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தூண்டும்போது தசை நன்றாக அசைந்து, மேலே தூண்டும்போது அசைவு குறைந்தால் அடைப்பு நடுவில்தான். ஊசி வைத்துத் தசையைப் பார்க்கும் பகுதியில் மாற்றங்கள் முழுமையாகத் தெரிய மூன்று வாரங்கள் ஆகும்.

குணமாகும் காலமும் இதைப் பொறுத்ததே. நரம்பிழையின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திரும்பும். இழையே அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர வேண்டும்; சென்னிமலை நண்பருக்கு ஐந்து மாதங்கள் ஆனது அதனால் இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோயிலும் இந்த நரம்பு இதே இடத்தில் தடிக்கும் என்பதால், உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் உடம்பில் எங்காவது இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும். எண்ணெய் தடவுவதில் தவறில்லை. ஆனால் அந்த எலும்புக் குமிழைச் சுற்றி அழுத்தி நீவ வேண்டாம். நசுங்கிய நரம்பை மறுபடி நசுக்குவது போலாகும்.

சிவகிரி விவசாயி மகன்:

நேற்று இரவு அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, டீச்சர் சொன்னபடி பாதத்தைத் தாங்கிப் பிடித்துச் சோதித்தேன். உட்புறம் என் கையைத் தள்ளும் அளவுக்குப் பலம் இருக்கிறது. வெளிப்புறம் சுத்தமாக இல்லை. ஒருக்களித்துப் படுத்து இரண்டு கால்களையும் ஒரே அளவு தூக்கினார். மதமதப்பு, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலும் மேல்பாதத்திலும்தான், தொடையில் இல்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் எதுவும் இல்லை. தேமல் இல்லை. சர்க்கரை மட்டும் இதுவரை பார்த்ததில்லை, நாளை பார்க்கிறோம்.

நீவுவதை நிறுத்திவிட்டோம். பாதம் தொங்கி இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பட்டைக்கு அளவு கொடுக்கவும் நரம்புக் கடத்தல் சோதனைக்கு நாள் கேட்கவும் திங்கட்கிழமை ஈரோடு போகிறோம். மீதிக் கிழங்கைப் பிரிக்க அம்மா மறுபடியும் காட்டுக்கு வருகிறேன் என்கிறார். முக்காலி ஒன்று செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன்.